ஈரப்பதப் பதிவேடு

காலை ஒன்பது, மதியம் ஒன்று, மாலை ஐந்து.
மூன்று வேளையும் மூன்று அறைக்கும் போய்
ஊசி எங்கே நிற்கிறது என்று பார்த்து
நோட்டில் எழுதுவது என் வேலை.
கோத்தகிரியில் அது எங்கே நிற்கும்?
மேகம் ஜன்னல் வழியாக வந்து
டிக்கெட் எடுக்காமல்
சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிற ஊர்.

முதல் அறையில் மண்.
ஒரு தாழியின் மூடி, மூடிமேல் ஓர் எருமை.
கட்டைவிரலால் அழுத்திக் கழுத்து மடிப்பை
எடுத்திருக்கிறார் செய்தவர்.
கைரேகை இருந்தும் பெயர் தெரியவில்லை.
“காலம்: ஏறத்தாழ” என்று தொடங்கிய
காப்பாட்சியர் வளர்மதி
அதற்குமேல் அடிக்க நாலு நாள் யோசித்தார்.
இருநூறு வருஷம் இந்தப் பக்கம் போகலாம்,
இருநூறு வருஷம் அந்தப் பக்கம்.
எனக்கு ஊசி இரண்டு கோடு ஏறினாலே திட்டு.

இரண்டாம் அறை போஜனுடையது.
மின்வாரியத்தில் லைன்மேன்.
யூனிட் எழுதிக் கட்டம் நிரம்பியதும்
வீடுகளில் தூக்கிப் போடுகிற வெள்ளை அட்டை,
அதன் பின்பக்கத்தில் வரைகிறார்.
கம்பத்தின் மேலிருந்து தெரிகிற ஊர் மட்டும்:
தகரக் கூரை, தண்ணீர்த் தொட்டி, தேயிலை மூட்டை,
உச்சி வகிடும் தோளுமாகப் போகிற மனிதர்கள்.
முகம் கிடையாது.
கரண்ட் போன நாள் வரைந்த ஒன்றில் மட்டும்
எல்லோரும் நிமிர்ந்து
அவரையே பார்க்கிறார்கள்.

“தானே கற்றவர்” என்று சீட்டு ஒட்டியிருந்தோம்.
படித்துவிட்டுச் சொன்னார்:
“கம்பம் ஏறவும் யாரும் சொல்லித் தரலைங்க.
அதுக்கு யாரும் சீட்டு ஒட்டலையே.”

மூன்றாம் அறையில் உடுப்புகள்.
ஊசி வாங்கியதே இவற்றுக்காகத்தான்.
ஆயரின் சரிகை மேலங்கி,
சந்தனம் ஒட்டிய தர்கா போர்வை,
மாலை போட்டு நடந்தவரின் கறுப்பு வேட்டி,
அம்மனின் ஒன்றரை முழப் பாவாடை.
கன்னிமடத்திலிருந்து மேலங்கியோடு வந்த சிஸ்டர் பிலோமி
பொட்டலம் பிரித்ததும் கழுத்துப் பட்டியைத் திருப்பினார்.
வியர்வைக் கறை.
“இந்தப் பக்கம் சுவரைப் பார்க்கட்டும்.”
அம்மன் பாவாடையில் கறை இல்லை.
முடிச்சுப் போட்டுப் போட்டு நாடா நைந்திருந்தது.
உள்மடிப்பில்
ஈரோட்டு ஜவுளிக்கடையின் ஊதா முத்திரை.

திறப்பு விழா அன்று பிடித்த மழை.
சார் ஆட்சியர் மூன்றாவது திரியை ஏற்றும்போது
கரண்ட் போனது.
ஈரம் உறிஞ்சுகிற இயந்திரம்
இருமி நின்றது.
வளர்மதி என்னைப் பார்த்தார்.
நான் போஜனைப் பார்த்தேன்.
அவர் ஏற்கெனவே பொன்னாடையை மடித்து
நாற்காலியில் வைத்துவிட்டு
புதுச் சட்டையின் பட்டனைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அறுபத்திரண்டு. அறுபத்தெட்டு.
செல்போன் வெளிச்சத்தில் சுற்றினார்கள் ஜனங்கள்.
ஒன்றும் முழுசாகத் தெரியவில்லை:
ஒரு கொம்பு, ஒரு சரிகைக் கொடி,
யாருடையதோ ஒரு வகிடு.
“இது எங்க சித்தப்பா தலை” என்று ஒரு பையன் கத்த
இருட்டில் வரிசை அந்தப் பக்கம் சாய்ந்தது.
சிஸ்டர் பிலோமி தன் கம்பளிச் சால்வையைக் கழற்றிக்
கண்ணாடிப் பெட்டிமேல் போர்த்தினார்.
கண்ணாடிக்குக் குளிராது என்று
அவருக்கும் தெரியும்.

நாற்பது நிமிடம்.
சார் ஆட்சியர் குன்னூரில் வேறு விழாவுக்குப் போய்விட்டார்.
அப்புறம் வெளிச்சம் வந்தது, கைதட்டலோடு.
அன்றைக்கு விழுந்த ஒரே கைதட்டல்.
போஜன் அப்போது
இரண்டு வளைவு தள்ளி, கம்பத்தில் இருந்தார்.

திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்றார்.
காதோரம் சொட்டிக்கொண்டிருந்தது.
“உள்ள வரலைங்க. உங்க ஊசி ஏறிடும்.”
டீயை வெளியே கொண்டுபோய்க் கொடுத்தேன்.
கிளை எங்கே விழுந்தது என்று சொன்னார்.
அங்கிருந்து இந்தக் கட்டடம்
தீப்பெட்டி மாதிரி இருந்ததாம்.

ராத்திரி நோட்டைத் திறந்தேன்.
மணி ஏழு இருபது. எழுபத்து மூன்று.
காரணம் என்ற கட்டத்தில்
“மின்தடை” என்று எழுதினேன்.
அதை அடித்துவிட்டு
“வந்தவர்களின் மூச்சு” என்று எழுதினேன்.
வளர்மதி கையெழுத்துப் போட்டார்,
படிக்காமல்.